பாவம் ஓரிடம், பழி ஓரிடம்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கியாயிற்று, கடன் தவணை வாங்கியாயிற்று, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. கிளம்பும் நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பக்கத்து ஊரில் மில் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள். தெரிந்தவன் ஒருவன் "வீட்டில் விடுகிறேன்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலியல் வன்கொடுமை செய்துவிட்டான். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க அதே பேச்சு.

"ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் வண்டியில இவ எதுக்கு ஏறுனா?"

"போன் கையிலதானே இருக்கு? அப்பனுக்கு ஒரு போன் போட்டா வர மாட்டானா?"

"சத்தம் போட்டிருந்தா அக்கம்பக்கம் வந்திருக்காதா?"

"ரெண்டு கையும் தட்டினாத்தானே ஓசை வரும்?"

சுமார் இருபது நிமிடம் பேசினார்கள். வரும் வழியில் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். அந்தப் பெண்ணைப் பற்றி ஏழு கேள்விகள் வந்திருந்தன. அவனைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. "நம்பி ஏறிய பொண்ணை இவன் எப்படி இப்படிச் செய்தான்?" என்று யாருமே கேட்கவில்லை.

அன்று ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை எங்களோடு நடந்து வந்தார். பாதி வழியில் நின்று சொன்னார்: "எனக்கும் நடந்துச்சு மேடம். பதினாறு வருசமாச்சு. வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரன்தான். இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. இவங்க பேசுனதைக் கேட்டீங்கல்ல? அதான் சொல்லல."

பதினாறு வருடம்! வாரம் தவறாமல் அதே பாயில், அதே பெண்களோடு உட்கார்ந்து சேமிப்புக் கட்டியிருக்கிறார். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவசரக் கடன் கொடுத்துத் தாங்கியது அதே குழுதான். பணத்துக்கு நம்பிய குழுவிடம் இந்த விஷயத்தை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. "ஊரும் பேரும் போடாம எழுதுங்க, நாலு பேரு யோசிக்கட்டும்" என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்களும் தப்பவில்லை

உங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் எங்கள் தவறையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு வளரிளம் பெண் எங்களிடம் வந்து தனக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "ஏம்மா, அன்னைக்கே ஏன் சொல்லல?" என்பதுதான். சமூகப் பணி படித்தவர்கள், பயிற்சி எடுத்தவர்கள் கேட்ட கேள்வி அது! அந்தப் பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் அவள் வாய் திறக்க ஒரு மாதம் ஆயிற்று.

அக்கறையோடுதான் கேட்டோம். ஆனால் அவள் காதில் அது "நீ செய்தது தப்பு" என்றுதான் விழுந்தது. அடிபட்டவரிடமே கணக்குக் கேட்கும் இந்தப் பழக்கம் படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் இருக்கிறது. இதைத்தான் "பாதிக்கப்பட்டவர் மீது பழி போடுவது" என்கிறோம். நம் பெரியவர்கள் இதையே சுருக்கமாக "பாவம் ஓரிடம், பழி ஓரிடம்" என்று சொன்னார்கள்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைப் பார்ப்போம்

"ராத்திரி நேரத்துல ஏன் போனா?" — மில் ஷிப்ட் முடிகிற நேரத்தை அவளா முடிவு செய்தாள்? கடைசி பஸ் நேரத்தை அவளா வைத்தாள்? களை எடுக்கப் போன இடத்தில், ஆடு மேய்க்கப் போன இடத்தில், வீட்டுக்குள்ளேயே, பட்டப்பகலில் நடந்த சம்பவங்கள் எத்தனை? அப்போது எந்த நேரத்தைக் குறை சொல்வோம்?

"டிரஸ் சரியில்ல." — கைக்குழந்தைக்கு நடக்கிறது. எழுபது வயதுப் பாட்டிக்கு நடக்கிறது. அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள்?

"தெரிஞ்சவன்கூடத்தானே போனா?" — ஆமாம், பெரும்பாலும் தெரிந்தவன்தான் செய்கிறான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. இந்த மாதிரி வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர் என்று வருடா வருடம் அதே கணக்கு சொல்கிறது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுப்பவர், காதலிப்பதாகச் சொன்னவர். ஒருவரோடு வண்டியில் ஏறச் சம்மதித்தால் ஏறுவதற்கு மட்டும்தான் சம்மதம். மற்றதற்கு அது சம்மதம் ஆகாது.

"சத்தம் போட்டிருக்கலாமே, கடிச்சிருக்கலாமே?" — ரோட்டில் லாரி நேரே வரும்போது ஓடத் தோன்றாமல் விறைத்து நின்றுவிடுகிறோமே, அதேபோல்தான். பயத்தில் உடம்பு கட்டிப்போகும், குரல் வராது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் சம்மதித்ததாகக் கருதக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

"அன்னைக்கே ஏன் புகார் கொடுக்கல?" — மானம் போகுமே, அண்ணன் அரிவாளைத் தூக்குவானே, படிப்பை நிறுத்துவார்களே, கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயம்தான். அந்தப் பயத்தை உண்டாக்குவது ஊர்ப் பேச்சு. ஊர்ப் பேச்சு என்றால் அதில் நம் வாயும் உண்டு. புகார் தாமதமானது என்பதற்காக மட்டும் பெண்ணைச் சந்தேகப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே ஒரு பஞ்சாப் வழக்கில் சொல்லியிருக்கிறது.

"பணத்துக்காகப் பொய் சொல்றாங்க." — பொய்ப் புகார் எந்தக் குற்றத்திலும் வரலாம். ஆடு திருட்டிலும் வருகிறது, வரப்புத் தகராறிலும் வருகிறது. உண்மையா பொய்யா என்று பார்க்கத்தான் போலீஸும் கோர்ட்டும் இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். குழுப் பணத்தை பேங்கில் கட்டப் போன நம் பிரதிநிதியை வழிமறித்து ஒருவன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். "தனியா ஏன் போனே?" என்று ஒருவேளை நாம் அவரைக் கடிந்துகொள்ளலாம். ஆனால் "நீதான் தனியா போனே, அதனால திருடன் மேல தப்பில்ல" என்று சொல்வோமா? போலீஸுக்குப் போகாதே என்போமா? கேவலம் பணத்துக்கு உள்ள நியாயம் பெண்ணின் உடம்புக்கு இல்லையா?

எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு

"அப்போ பொண்ணுங்களுக்கு ஜாக்கிரதையா இருன்னு சொல்லவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லலாம். இருட்டுகிற முன்னே வந்துவிடு என்று தாய் சொல்வது பாசம். ஆனால் நடப்பதற்கு முன் சொன்னால்தான் அது எச்சரிக்கை. நடந்த பிறகு அதே வார்த்தையைச் சொன்னால் அது தீர்ப்பு. அதுவும், தப்புச் செய்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளுக்குக் கொடுக்கிற தீர்ப்பு.

பையனிடம் நாம் என்ன சொல்லி வளர்க்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு நூறு புத்தி சொல்கிற வீட்டில், "எவளா இருந்தாலும் வேண்டாம்னு சொன்னா தொடாதே" என்று பையனுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா?

ஏன் நாமே பெண்ணைக் குறை சொல்கிறோம்?

பெண்களுக்குப் பெண்களே எதிரி என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இதற்குள் ஒரு பயம் இருக்கிறது. "அவ ராத்திரியில போனா, அதான் நடந்துச்சு. என் பொண்ணு போக மாட்டா, அவளுக்கு நடக்காது" என்று நினைத்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் அவளிடம் தப்பைத் தேடுகிறோம். ஆனால் அது பொய்யான நிம்மதி. செய்தவன் நம் ஊரிலேயே தைரியமாக நடமாடுகிறான். நாம் என்ன பேசுகிறோம் என்று அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். "எது செஞ்சாலும் ஊரு அவளைத்தான் கேக்கும்" என்பதுதான் அவனுடைய துணிச்சலே.

"முள் மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள் விழுந்தாலும் கிழியறது சேலைதான்" என்று ஒரு பழமொழி சொல்வோம். முள்ளுக்கு மனசு இல்லை, காலும் இல்லை. அது தானாக வந்து சேலையைப் பிடிக்காது. மனிதனுக்கு மனசு இருக்கிறது. செய்யலாமா வேண்டாமா என்று முடிவு எடுத்துத்தான் செய்கிறான். ஆகவே இந்த விஷயத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். "கற்பழிப்பு" என்று சொல்லும்போது அவளுடைய கற்பு அழிந்துபோனதாக ஆகிறது. "கெட்டுப் போனவ" என்கிறோம். கெட்ட காரியம் செய்தது அவன், கெட்டுப் போனவள் இவளா? "பாலியல் வன்கொடுமை" என்று சொல்லிப் பழகுவோம். நடந்தது வன்கொடுமை என்பது அந்த வார்த்தையிலேயே தெரிகிறது.

வாச்சாத்தி பெண்கள்

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் உள்ள மலையடிவாரக் கிராமம் வாச்சாத்தி. பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், மக்களை அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள்.

அந்தப் பெண்கள் மீது என்ன பழி விழுந்தது தெரியுமா? "சந்தனக் கட்டை கடத்துறவங்க." கடத்தல்காரி என்று பெயர் வைத்துவிட்டால் அவள் சொல்வதை யார் நம்புவார்கள்? பாதிக்கப்பட்ட பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். செய்தவர்கள் வேலையில் இருந்தார்கள்.

ஆனாலும் அவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. பழங்குடி மக்கள் சங்கமும் மற்றவர்களும் துணைக்கு நின்றார்கள். வழக்கு சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி, மீதி இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மொத்தம் 31 வருடம்! நம்மைப் போலக் காட்டிலும் மேட்டிலும் உழைக்கிற பெண்கள்தான் அவர்கள். ஒருத்திக்கு ஒருத்தி துணையாக நின்றதால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்க முடிந்தது.

பொள்ளாச்சியில் நடந்தது

2019-ல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தபோதும் "அவனுங்ககூட ஏன் பழகுனாங்க?" என்ற பேச்சுத்தான் எங்கும் கேட்டது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரை உயர் போலீஸ் அதிகாரி ஒருவரே பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்லிவிட்டார். அரசாணையிலும் பெயர் வந்துவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைக் கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட 8 பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. 2025 மே 13-ஆம் தேதி, 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 8 பெண்களுக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. "ஏன் பழகுனாங்க?" என்று அன்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது

ஒரு காலத்தில் கோர்ட்டே நம் ஊரைப் போலத்தான் பேசியது. 1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு போலீஸ்காரர்கள் வன்கொடுமை செய்தார்கள். உடம்பில் காயம் இல்லை, சத்தம் போடவில்லை என்று சொல்லி 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் அதை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடு முழுவதும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதனால்தான் 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்கொடுமையில், "எனக்குச் சம்மதமில்லை" என்று பெண் சொன்னால் கோர்ட் அதை நம்பித்தான் வழக்கைத் தொடங்க வேண்டும் என்று வந்தது.

பெண்ணின் நடத்தையைக் காட்டி அவள் சாட்சியை மட்டம் தட்டலாம் என்றிருந்த பிரிவு 2002-ல் நீக்கப்பட்டது. முன்பு யாரோடு பழகினாள் என்பது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று 2013-ல் சட்டம் தெளிவாகச் சொன்னது. இப்போது நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் நடந்த "இரு விரல் சோதனை" கூடவே கூடாது, அதைச் செய்பவர் மீது நடவடிக்கை வரும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "பேசி முடிச்சுக்கலாம், அவனுக்கே கட்டி வெச்சிடலாம்" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வார்களே, பாலியல் வன்கொடுமையில் சமாதானத்துக்கு இடமே இல்லை என்று 2015-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம்தான் இன்னும் வரவில்லை.

உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால்

முதலில் முழுவதும் கேளுங்கள். "நான் நம்புறேன். உன் மேல தப்பில்ல" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லுங்கள். ஏன், எதுக்கு, எப்படி என்று துருவ வேண்டாம். அவள் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவள் பெயரை வெளியே பரப்புவது சட்டப்படி இரண்டு வருடம் வரை ஜெயில் தண்டனை உள்ள குற்றம். வாட்ஸ்அப்பில் போடுவதும் இதில் அடங்கும்.

பிறகு, அவள் விருப்பப்பட்டால் கூடவே போங்கள்.

ஆஸ்பத்திரி: எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. முடிந்தவரை குளிக்காமல், துணியைத் துவைக்காமல் போக வேண்டும். துணியைக் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். "போலீஸ் புகார் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும் எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் கொடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்.

போலீஸ்: எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்ல" என்று சொல்லக் கூடாது. பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

உதவி: பெண்களுக்கான உதவி எண் 181. அவசரத்துக்கு 112. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098. குழந்தை விஷயத்தில் தெரிந்த பிறகு மறைப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கிடைக்கும். இழப்பீட்டுக்கும் அங்கேதான் மனு கொடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

அடுத்த கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி இந்த மூன்று கேள்விகளைப் பேசுங்கள்:

1. இந்த மாதிரி சம்பவம் கேள்விப்பட்டபோது நம் வாயில் வந்த முதல் கேள்வி என்ன? அது யாரைப் பற்றியது?

2. நம் குழுவில் ஒருவருக்கு இப்படி நடந்தால், நம்மிடம் வந்து சொல்லும் தைரியம் அவருக்கு இருக்குமா?

3. கடைசி பஸ், தெருவிளக்கு, வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு வழித்துணை இவற்றுக்காகக் கிராம சபையில் நாம் என்ன மனு கொடுக்கலாம்?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்: "பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறை கூறி எங்கள் குழுவில் பேச மாட்டோம்."

பஸ் ஸ்டாப்பில் எங்களிடம் பேசிய அந்தச் சகோதரி இன்னும் அதே குழுவில்தான் இருக்கிறார். அவர் யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அவர் உங்கள் குழுவிலும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அதை மனதில் வைத்துப் பேசுவோம்.